ஐந்திணை டயர்

மலை ஏறுவதற்கும், மணல்வெளியைக் கடப்பதற்கும், காட்டாற்றில் இறங்கிக் கரையேறுவதற்கும் என்று உலகில் அவதாரம் எடுத்த ஒரு ஜாதி மோட்டார் வண்டி, இன்று காரைக்குடிச் செக்காலை ரோட்டு ஓரத்தில் காய்கறிப் பையையும் குழந்தைகளின் புத்தக மூட்டையையும் சுமந்துகொண்டு பரம சாதுவாக நிற்கிறது. எஸ்.யூ.வி. என்று மூன்றெழுத்தில் அதற்குப் பெயர். உயரமான உடம்பு, அகன்ற மார்பு, தரையிலிருந்து ஒரு சாண் எழும்பிய வயிறு. காலையில் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், பிறகு எஜமானரை உத்தியோகத்துக்கு ஏற்றிச் செல்வதும், மாலையில் வீடு திரும்புவதுமாக அதன் நாட்கள் கழிகின்றன. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இடுப்பு வலிக்காரர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் ஏறி இறங்கச் சௌகரியம். குண்டும் குழியுமான இடத்தில் வயிறு இடிக்காது. குடும்பத்தோடு கோயில் குளம் போய்வர இடம் தாராளம்.

ஆனால் இந்த வண்டியின் டயர் தேய்ந்து, புது டயர் வாங்கும் நாள் வரும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது. கடைக்காரர் மூன்று வகையை எடுத்து வைக்கிறார். தார்ச்சாலைக்கு என்றே செய்த ‘ஹைவே’ டயர் ஒன்று. சேற்றுக்கு என்றே செய்த ‘மட்’ டயர் ஒன்று. இரண்டுக்கும் நடுவில், எல்லா நிலத்துக்கும் ஏற்றது என்னும் ‘ஆல் டெரெய்ன்’ டயர் ஒன்று. நம் தமிழ் மரபில் சொல்வதானால் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகிய ஐந்திணைக்கும் உகந்த டயர்! இப்படி ஒரு பெயரைக் கேட்ட பிறகு, ஒரே ஒரு நிலத்துக்கு மட்டும் உகந்த டயரை வாங்க யாருக்குத்தான் மனம் வரும்? ‘எல்லாவற்றுக்கும் ஆகும்’ என்ற சொல்லில் ஒரு வசியம் இருக்கிறது. சர்வரோக நிவாரணி என்று எழுதிய சீசாவைச் சந்தையில் விற்றுப் பிழைத்தவர்கள் இந்த வசியத்தை நன்றாக அறிவார்கள்.

இந்த டயரைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதும்படி நண்பர்கள் சிலர் கேட்டதற்குக் காரணம் உண்டு. விலை சற்று அதிகம். நான்கு டயர் என்றால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு போய்விடும். அதைவிட முக்கியம், குடும்பம் முழுவதும் அந்த நான்கு டயரின் மேல்தான் உட்கார்ந்து போகிறது.

முதலில் அந்த டயரைக் கண்ணால் பார்ப்போம். சாலை டயரின் முகத்தில் நீளவாக்கில் மூன்று நான்கு கால்வாய்கள் ஓடும். அவற்றுக்கு இடையே ரப்பர் ஏறக்குறைய தொடர்ச்சியாக இருக்கும். அந்த ரப்பரிலும் மயிரிழை போன்ற மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். ஐந்திணை டயரிலோ, நம் பஞ்சர் கடைக்காரர்கள் ‘பட்டன்’ என்று சொல்லும் கட்டிகள் பெரிது பெரிதாக, ஒன்றை விட்டு ஒன்று விலகி நிற்கும். இடையே உள்ள பள்ளம் ஆழமாகவும் அகலமாகவும் இருக்கும். சரளையிலும் இளகிய மண்ணிலும் அந்தப் பட்டன்கள் நகம் போல ஊன்றிப் பிடிக்கும். கல் கிழித்துவிடாமல் இருக்க ரப்பரைச் சற்றுக் கெட்டியாகவே காய்ச்சியிருப்பார்கள். பக்கச் சுவரும் பெரும்பாலும் தடித்தது. இவையெல்லாம் நற்குணங்களே, காட்டுக்குள்ளே.

அதே டயர் தார்ச்சாலைக்கு வந்தால், நற்குணங்கள் ஒவ்வொன்றும் ஒரு வட்டிச் சீட்டை நீட்டுகின்றன. தனித்தனியாக நிற்கும் உயரமான பட்டன், வண்டி திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் சற்று வளைந்து கொடுக்கிறது. ஆகவே ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே கேட்பதில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டுக் கேட்கிறது. ஒவ்வொரு பட்டனும் சாலையில் அறைந்து அறைந்து போவதால், வேகம் கூடக்கூட ரீங்காரம் எழுகிறது. டயரின் எடை அதிகம். உருள்வதற்கு அது காட்டும் தடையும் அதிகம். ஆகவே எண்ணெய்ச் செலவும் அதிகம்.

இவையெல்லாம் பணத்தையும் காதையும் பற்றிய விஷயங்கள், பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. அது மழை நாளில் பிரேக்.

ஒரு டயர் எந்த நேரத்திலும் தரையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலந்தான். நான்கு டயருக்கு நான்கு உள்ளங்கை. ஒன்றரை டன் இரும்பும் அதனுள்ளே அமர்ந்த தாய் தந்தை குழந்தைகளும் சாலையோடு கொண்டிருக்கும் சம்பந்தம் இவ்வளவே. அந்த உள்ளங்கையில் பாதிக்குப் பாதி பள்ளமாக இருந்தால், தரையைத் தொடும் ரப்பர் குறைகிறது. அந்த ரப்பரும் கெட்டியாக இருந்தால் ஈரத் தாரை அது கவ்வுவது இன்னும் குறைகிறது.

“அகலமான பள்ளம் இருந்தால் தண்ணீர் சுலபமாக வெளியேறிவிடுமே, அது நல்லதுதானே?” என்று ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. சாலையில் தண்ணீர் குளமாகத் தேங்கி நிற்கும்போது, ஆழமான பள்ளம் அதை வாரி வெளியே தள்ளும். வண்டி தண்ணீரின் மேல் மிதந்து வழுக்குவதைத் தள்ளிப்போடும். ஆனால் நம் மழை நாட்களில் பெரும்பாலான நேரம் சாலையில் இருப்பது குளமல்ல. கண்ணாடி போன்ற மெல்லிய ஈரப்படலம். அதைத் துடைத்து எடுத்துத் தாரைப் பிடிப்பதற்கு வேண்டியவை இளகிய ரப்பரும் மயிரிழை வெட்டுகளுமே. ஐந்திணை டயர்களிலும் ஈரத்தில் நன்றாக நிற்பவை சில உண்டு. எனினும் பொதுவாகப் பார்த்தால், நல்ல சாலை டயருக்கு அடுத்தபடிதான் அவை.

பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதும் பத்தி ஆகையால் ஒரு சிறு கணக்கைப் போட்டே தீரவேண்டும், நேயர்கள் மன்னிக்க. ஒரே மாதிரி இரண்டு வண்டிகள், இரண்டும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஈரச்சாலையில் போகின்றன. ஒன்றின் டயர் பிடிப்பை 0.7 என்றும் மற்றதன் பிடிப்பை 0.6 என்றும் வைத்துக்கொள்வோம். இவை நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். எந்தக் கம்பெனி டயரையும் குறிப்பவை அல்ல. ஒரே இடத்தில் இருவரும் பிரேக்கை மிதிக்கிறார்கள். முதல் வண்டி 36 மீட்டரில் நிற்கிறது. இரண்டாவது 42 மீட்டரில் நிற்கிறது. ‘ஆறு மீட்டர்தானே’ என்று தோன்றும். ஆனால் முதல் வண்டி அசையாமல் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது, அதன் வேகம் இன்னும் மணிக்கு 30 கிலோமீட்டர்! முதல் வண்டிக்கு முன்னால் நின்ற ஆட்டுக்குட்டி மிரண்டு ஓடிப் பிழைக்கிறது. இரண்டாவது வண்டிக்கு முன்னால் நின்றது ஆட்டுக்குட்டியாக மட்டும் இருக்கவேண்டும் என்று பிரார்த்திப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நம் சீமையில் இந்தக் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கல்ல. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால், மாடுகள் சொதசொதவென்ற மண்ணை விட்டுவிட்டுத் தார்ச்சாலைக்கு வந்து படுக்கின்றன. இருட்டில் கறுத்த எருமைக்கும் ஈரத் தாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. மாலையில் சைக்கிளில் வரும் பிள்ளைகள் குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். தை பிறந்ததும் நகரத்தார் காவடியும் அதனுடன் பாத யாத்திரைக்காரர்களும் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு இரவு பகலாக நடக்கிறார்கள். இத்தனை ஜீவன்களுக்கும் வண்டிக்கும் நடுவே இருப்பது அந்த நான்கு உள்ளங்கைதான். முதல் மழை எல்லாவற்றிலும் மோசம். மாதக் கணக்காகச் சாலையில் படிந்த புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் நனைந்து குழம்பாகி, சோப்பு நுரை தடவிய திண்ணை போல் ஆகிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் சென்ற ஆண்டு இந்த விவாதம் நடந்தது. காரைக்குடியில் வாசம், புதுக்கோட்டையில் உத்தியோகம். திருமயம் வழியாகப் போக 40, வர 40, ஆக நாளொன்றுக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். டயர் தேய்ந்துவிட்டது. நண்பருக்கு ஐந்திணை டயரின் மேல் ஆசை.

“அண்ணே, இவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொண்டு ஒல்லி டயர் போட்டால் யானைக்குச் செருப்பு மாட்டியது போல் இருக்கிறது. ஒரு கம்பீரம் வேண்டாமா? நாளைக்கே மலைப்பக்கம் போகவேண்டி வந்தால்?” என்றார் அவர்.

கட்டைப் பஞ்சாயத்துக்கு என்னை உட்கார வைத்திருந்தார்கள். நான் வாய் திறப்பதற்குள், முற்றத்தில் கொட்டான் முடைந்துகொண்டிருந்த அவருடைய தாயார், “ஏன்ப்பா, போன வருஷம் ஒரு வருஷத்தில் ரோட்டை விட்டு எத்தனை தடவை இறங்கினாய்? அதை முதலில் சொல்லு” என்றார்.

நண்பர் விரல் விட்டு எண்ணினார். அய்யனார் கோயில் புரவி எடுப்புக்கு ஒரு தடவை. குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டுக்கு ஒரு தடவை. வயலைப் பார்க்க நாலைந்து தடவை. எல்லாம் சேர்த்து மண் பாதையில் ஓடியது 60 கிலோமீட்டருக்கு மேல் இராது. வருஷம் முழுவதும் வண்டி ஓடியதோ 24,000.

“அப்படியானால் ஆயிரத்துக்கு இரண்டரை. அந்த இரண்டரைக்காக மிச்சம் தொள்ளாயிரத்துச் சொச்சமும் பேரப்பிள்ளைகள் வழுக்குகிற டயரில் போகணுமாக்கும்?” என்றார் ஆச்சி. வட்டிக் கணக்கில் ஊறிய குடும்பம், தசமஸ்தானம் தவறவில்லை.

ஆச்சியின் கேள்விதான் இந்த விஷயத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வி. ‘எங்கே போகக்கூடும்?’ என்பதல்ல, ‘எங்கே போய்க்கொண்டிருக்கிறேன்?’ என்பது. ஒரு மாதத்துக்குச் சிறு நோட்டில் குறித்து வைத்தால் போதும், விடை தானே தெரிந்துவிடும். எண்ணெய்க் கணக்கையும் அதோடு போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, டயர் மாற்றத்தால் 13 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் கூடுதலாகும். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 13,000 ரூபாய்க்கு மேல்.

இவ்வளவு சொன்னதால் நான் ஐந்திணை டயருக்கு ஜன்மப் பகைவன் என்று எண்ணிவிடக்கூடாது. அதை வாங்கத்தான் வேண்டும் என்று நானே சொல்லக்கூடியவர்கள் நம் ஜில்லாவில் இருக்கிறார்கள். காளையார்கோயில் பக்கமோ கல்லல் பக்கமோ உள்ளே தள்ளி, கண்மாய்க் கரை மேல் தினமும் போய்வரும் விவசாயி ஒருவர். செம்புறாங்கல் சரளைப் பாதையில் குவாரிக்குப் போகிறவர். மழைக்காலத்தில் களிமண் பாதையைக் கடந்து குக்கிராமங்களுக்குப் போகும் மருத்துவர் அல்லது கால்நடை வைத்தியர். இவர்களுக்குச் சாலை டயர் சேற்றில் நின்ற இடத்திலேயே சுழலும். கல் பட்டுப் பக்கச்சுவர் கிழியும். ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மண்ணிலும் சரளையிலும் என்றால், ஐந்திணை டயர் கொடுத்த காசுக்கு உழைக்கும். அப்பொழுதும் மழை நாளில் தார்ச்சாலையில் வேகத்தைக் குறைத்துக்கொள்வது அவர்கள் செலுத்த வேண்டிய கப்பம். சேற்று டயரை மட்டும் உத்தியோகத்துக்குப் போகிற எவரும் நினைத்தும் பார்க்க வேண்டியதில்லை.

சிவகங்கைச் சீமைக்கு என்றே ஒரு விசேஷ சத்துரு உண்டு: சீமைக் கருவேல முள். வண்டியை நிழலுக்கு ஒதுக்கி நிறுத்தினால் போதும். முள் தன் கைவரிசையைக் காட்டிவிடும். “தடித்த டயர் போட்டால் முள் ஏறாதல்லவா?” என்று பலர் கேட்கிறார்கள். பட்டனில் ஏறினால் தாங்கக்கூடும். பக்கச்சுவர் தடிப்பதாலும் கொஞ்சம் லாபம். ஆனால் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ரப்பர் மெல்லியதே. அங்கே குத்தினால் ஐந்திணை டயரும் ஒன்றுதான், அரைத்திணை டயரும் ஒன்றுதான். ட்யூப் இல்லாத டயரில் முள் ஏறினால் அதைப் பிடுங்காமல் அப்படியே மெதுவாகப் பஞ்சர் கடை வரை ஓட்டிச் செல்வது உத்தமம். அடைத்துக்கொண்டிருக்கும் முள்ளே தற்காலிக மூடி. பிடுங்கினால் காற்று விறுவிறுவென்று போய்விடும்.

காரைக்குடிக்கும் ரப்பருக்கும் உள்ள பந்தம் நேற்று ஏற்பட்டதல்ல. 1876-ஆம் வருஷம் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சேர்ந்தன. 1888-ல் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் தம் மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிளுக்காகக் காற்று அடைத்த டயரைச் செய்தார். அதன்பின் மோட்டார் வந்தது. ரப்பருக்குப் பசி பிறந்தது. மலேயாக் காடுகள் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தவர்களிலும், தோட்டங்களையே வைத்திருந்தவர்களிலும் நம் செட்டிநாட்டார் பலர். மரத்தில் பால் வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன ஏழைத் தொழிலாளிகள். இந்தப் பக்கத்து மாளிகைகளின் தேக்குத் தூண்களைப் பார்க்கும்போது பர்மாவை நினைக்கிறோம். ரப்பரையும் சேர்த்து நினைப்பது தகும்.

இன்று டயருக்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை. 1946-ல் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்ய ஆரம்பித்த தொழில்தான் பின்னால் எம்.ஆர்.எப். என்னும் டயர்க் கம்பெனியாக வளர்ந்தது. காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் மேலூரைத் தாண்டியதும் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா தொழிற்சாலையைக் காணலாம். அதன் பெயர் முக்கியமாக இரண்டு சக்கர வண்டி டயர்களுக்கு. எம்.ஆர்.எப்., அப்போலோ, சியட், ஜே.கே. ஆகிய நம் நாட்டுக் கம்பெனிகள் சாலை டயரையும் செய்கின்றன, ஐந்திணை டயரையும் செய்கின்றன. ஆகவே அயல்நாட்டுப் பெயரைக் கண்டு மயங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இனி டயரின் விலாவில் எழுதியிருப்பதை வாசிக்கக் கற்றுக்கொள்வோம். அது மந்திரம் போல் தோன்றினாலும் அரிச்சுவடி அளவு கூடக் கஷ்டமில்லை. 215/60 ஆர் 17, 96 எச் என்று இருக்கிறது என்று கொள்ளுங்கள். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 60 பங்கு, அதாவது 129 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்றால் ரேடியல் அமைப்பு. 17 என்பது நடுவே உள்ள ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 96 என்பது ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்பதற்கு அடையாளம். ‘எச்’ என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அதைச் செலுத்தலாம் என்பதற்கு. செலுத்த வேண்டும் என்பதற்கல்ல! ஐந்திணை டயர்களில் இந்தக் கடைசி எழுத்து பல சமயம் ‘எஸ்’ அல்லது ‘டி’ என்று இருக்கும். அவை முறையே 180, 190. வண்டிக்காரர் புத்தகத்தில் குறித்திருப்பதற்குக் குறைந்த எடைக் குறியோ வேகக் குறியோ உள்ள டயரை வாங்கலாகாது.

இன்னொரு நாலு இலக்க எண் உண்டு. 2324 என்றிருந்தால் அந்த டயர் 2024-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்தில் பிறந்தது என்று அர்த்தம். ஜாதகம் பார்த்துப் பெண் எடுக்கிறவர்கள் டயருக்கும் பிறந்த தேதியைப் பார்க்கலாம். கடையில் மூலையில் கிடந்த மூன்று வருஷச் சரக்கைப் புதிது என்ற விலைக்கு வாங்குவானேன்? நம் வெயிலில் ரப்பர் ஓடாமல் நின்றாலே மூப்படைகிறது. ஐந்து வருஷம் தாண்டிய டயரை வருஷம் ஒரு முறையாவது விஷயம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் விடைகொடுத்துவிட வேண்டியதுதான். பட்டனின் உயரம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயர் சட்டப்படியே செத்தது. கால்வாய்க்குள் குறுக்கே சிறு திட்டுகள் வைத்திருக்கிறார்கள். ரப்பர் தேய்ந்து அத்திட்டின் மட்டத்துக்கு வந்ததும் புரிந்துகொள்ளலாம். மழைக்குப் பயந்தவர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள்.

சில ஐந்திணை டயர்களின் விலாவில் மூன்று சிகரமுள்ள மலையும் நடுவே ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும். கடையில் அதை ஒரு பெரிய யோக்கியதாம்சமாகக் காட்டுகிறார்கள். உறைபனியில் நடத்திய சோதனையில் தேறியது என்பதே அதன் பொருள். காரைக்குடியில் பனி பெய்யும் நாளுக்காக அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது அவரவர் இஷ்டம். நமக்கு வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரை. ஈரப்பிடிப்பு, உருளும் தடை, சத்தம் ஆகிய மூன்றுக்கும் அளவுகோல் வைத்து மத்திய சர்க்கார் 2022-ல் விதி வெளியிட்டது. ஆகவே கடைக்காரரிடம், “ஈரப்பிடிப்பில் இது எப்படி?” என்று கேட்க நமக்கு இப்போது உரிமையும் உண்டு, ஆதாரமும் உண்டு.

கம்பீரத்துக்காக வண்டிக்காரர் குறித்ததைவிடப் பெரிய டயரை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். டயரின் விட்டம் கூடினால் வேகமானி குறைத்துக் காட்டும். 80 என்று முள் நிற்கும்போது வண்டி அதற்கு மேல் போய்க்கொண்டிருக்கும். சக்கரம் முழுவதும் திரும்பும்போது உள்ளே உரசவும் கூடும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இம்மாதிரி விஷயங்களைத்தான்.

எந்த டயரை வாங்கினாலும், அதை வாழவைப்பதும் சாகடிப்பதும் காற்று. நம்மவர்களிடையே ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது: கோடையில் காற்று விரியும், ஆகவே குறைத்து அடிக்க வேண்டும் என்று. இது ஆபத்தான நம்பிக்கை. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிர்கிறது. அந்த வளைவே உஷ்ணத்தை உண்டாக்குகிறது. சித்திரை வெயிலில் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் மூலகாரணம் இதுதான். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் கண்ட அளவை, காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பிடித்துக்கொள்வதே சரி. குடும்பம் முழுவதும் ஏறி மூட்டை முடிச்சுகளோடு போகும்போது அதே சீட்டில் உள்ள கூடுதல் அளவு. நைட்ரஜன் காற்று அடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். மிச்சத்துக்குக் காசு கொடுப்பதைவிட மாதம் இருமுறை அளவு பார்ப்பது மேல்.

நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றக் கையில் பணம் இல்லை, இரண்டுதான் வாங்க முடியும் என்றால், புது டயரைப் பின்னால் மாட்டச் சொல்ல வேண்டும். பலர் இதற்கு மாறாக முன்னால்தான் மாட்டுகிறார்கள். முன் சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகும்; வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியின் வால் சுழன்றுவிடும். சாதாரண மனிதர் அதை அடக்க முடியாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் புத்தகத்தில் சொல்லியுள்ளபடி நான்கையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. இரண்டு சாலை டயரும் இரண்டு ஐந்திணை டயரும் கலந்து போடுவது எந்த வண்டிக்கும் ஆகாது.

நண்பர் கடைசியில் நான்கு சாலை டயர் வாங்கினார். அவற்றில் பக்கச்சுவர் சற்றுக் கெட்டியான வகையாகப் பார்த்து எடுத்தார். வயலுக்குப் போகும் வழியில் கல் அதிகம். மிச்சப்பட்ட தொகையில் ஸ்டெப்னிக்கும் ஒரு புது டயர் வாங்கிவிட்டார்கள். பின்னால் தொங்கும் ஸ்டெப்னியை நாலு வருஷமாக யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை; அதன் காற்று பாதிக்கு மேல் போயிருந்தது. கம்பீரக் குறைவைப் பற்றி நண்பருக்கு இன்னும் கொஞ்சம் மனஸ்தாபம் உண்டு.

கழற்றிப் போட்ட பழைய டயர்களை மட்டும் மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ போட்டு வைக்க வேண்டாம். ஐப்பசி மழைத் தண்ணீர் அவற்றின் வளையத்துக்குள் தேங்கி நிற்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடுவதற்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. புது டயர் மாட்டிய அன்றே பழையதைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டால், விலையிலும் கொஞ்சம் தள்ளிக் கொடுப்பார்.